அசதி குடித்த கள்ளி

கூரைமலை எஸ்டேட்டில் ஒரு தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும் யாருக்குமே அசதி தங்கவில்லை. முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். விடிந்ததும் சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தார்கள், மருந்தடித்தார்கள், கவாத்து வெட்டினார்கள், தொழிற்சாலையில் இலை வாட்டினார்கள், வரிசையாகக் கட்டின லைன் வீட்டுக்குத் திரும்பிச் சோறு பொங்கினார்கள், துணி துவைத்தார்கள். ஆனால் நடுவில் பிள்ளைக் கொட்டகை ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், அன்றைக்கு உடம்பில் ஏறின அசதி அத்தனையும் இறங்கிப் போயிருக்கும். அதை இறக்கி வாங்கிக்கொண்டது பிஸ்கட் டின்னில் நின்ற ஒரு கள்ளிச்செடி.

கள்ளி என்றதும் முள்ளை நினைக்க வேண்டாம். இதற்கு முள் கிடையாது. நண்டுக் கால்களைக் கோத்து வைத்த மாதிரி தட்டைத் தட்டையாகக் கணுக்கள், கணுவிலிருந்து கணு நீண்டு குடை போலக் கவிழ்ந்து நிற்கும், டிசம்பரில் ஒவ்வொரு நுனியிலும் ரோஸ் நிறத்தில் ஒரு பூ தலைகீழாகத் தொங்கும். நம் பெண்கள் தலையில் வைக்கிற ஊதா டிசம்பர் பூ வேறு, இது வேறு. மேனேஜர் பங்களாவில் இதைக் கிறிஸ்துமஸ் கள்ளி என்பார்கள். பங்களாவில் தோட்ட வேலை பார்த்த செபஸ்தியான், ஒரு மேனேஜர் குடும்பம் மாற்றலாகிப் போனபோது லாரியில் ஏற்றியதில் முறிந்து விழுந்த மூன்று கணுவைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தான். மனைவி அமலோற்பவம் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை, இருபதானாலும் இருபத்தைந்தானாலும், அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கணுக்களை டின்னில் நட்டுக் கொட்டகை ஜன்னலில் வைத்தாள்.

செடி வளர்ந்து குடையானது. ஆறாவது வருஷம், பங்களா வேலியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே செபஸ்தியானுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒன்றிரண்டு சொல், அதுவும் இழுத்து இழுத்து, மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து நாலு வருஷமாக அமலோற்பவம் விடியுமுன் எழுந்து அவனைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டி, முதுகில் புண் வராமல் தலையணை அண்டக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடி, இருபது குழந்தைகளைத் தூக்கி இறக்கி, மத்தியானம் வீட்டுக்கு ஓடி மறுபடி அவனைப் புரட்டி, மறுபடி கொட்டகைக்கு ஓடி வந்தாள். தன் அசதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தாள்.

அந்தத் தை மாதத்தில் ஒருநாள் கடைசிக் குழந்தையையும் தாயிடம் கொடுத்துவிட்டு, பூ உதிர்ந்து நின்ற செடிக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி, கையின் மேல் நெற்றியை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது, பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கியவளைப் போல எதையோ மறந்த மாதிரி இருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அசதிதான் இல்லை. செடி மட்டும் இலேசாகத் தலை தாழ்ந்து, கணுக்கள் தடித்து, விருந்து சாப்பிட்டு எழுந்த ஆளைப் போல நின்றது.

மறுநாள் முத்துப்பேச்சி குழந்தையை வாங்க வந்தாள். இருபத்தாறு வயதுக்காரி, அந்தச் சரிவில் வேகமாகப் பறிக்கிறவள் அவள்தான். "இடுப்பு விண்டு போகுது அக்கா, இப்படியே செத்த உக்காந்துட்டுப் போறேன்" என்று ஜன்னலோரம் சாய்ந்தவள், ஐந்து நிமிஷத்தில் எழுந்து குழந்தையை மேலே வீசிப் பிடித்தாள். அதற்கடுத்த நாள் பதினொரு பேர் வந்தார்கள்.

யாரும் வாய் பிளக்கவில்லை. வீட்டு வாசலில் யானை வந்து நிற்கிற ஊர் அது. மூன்று மாதம் விடாமல் மழை அடித்து, உப்பு தண்ணீராகி, தீப்பெட்டி களியாகிப் போகிற ஊர். அங்கே ஒரு செடி அசதியை எடுத்துக்கொள்கிறது என்றால், அது எத்தனை மணி வரை எடுத்துக்கொள்ளும், வரிசை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. கைக்குழந்தைக்காரிகள் முதலில், கர்ப்பிணிகள் அடுத்து, மருந்தடிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு, தொழிற்சாலைக்காரர்கள் ஷிப்ட் முடிந்த பிறகு என்று ஒரு வாரத்திலேயே முறை ஏற்பட்டது. ஷிப்ட் முடிய நடுச்சாமம் ஆகிறவர்களுக்காகக் கொட்டகை டியூப்லைட் விடிய விடிய எரிந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி டின்னைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார். மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க ஜீப்பில் வருகிற ஃபாதர் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் உட்கார்ந்துவிட்டு, பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், தபால்காரர் வந்தார், கீழே இருந்து பஸ் ஓட்டி வருகிறவர் என்ஜினை அணைக்காமலே இறங்கி ஓடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

வாங்கிக்கொண்டு சும்மா போகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. பணம் வைத்தால் செடி என்ன செய்யும்? ஆகவே தண்ணீர் ஊற்றினார்கள். வேலைக்குக் கொண்டுபோன பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீர், தூக்குவாளி கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மாதாகோயில் மந்திரித்த தண்ணீர், அம்மன் கோயில் தீர்த்தம், பால் விடாமல் போட்டு ஆறிப்போன கட்டன் சாயா. ஆளுக்கு ஒரு வாய்தான். ஒரு வாய் ஊற்றிவிட்டு "குடி தாயி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அசதி போனதும் ஊர் மாறித்தான் போயிற்று. பெண்கள் இருட்டின பிறகும் பாயில் சாயாமல் சட்டை தைத்தார்கள், பூக்கோலம் போட்டார்கள், குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார்கள். குடிக்கிறவர்களில் பாதிப் பேர், உடம்பு வலி என்று சொல்ல வழியில்லாமல் போனதால் குடியை விட்டார்கள். மீதிப் பாதி வேறு காரணம் தேடிக்கொண்டார்கள். சண்டைகூடக் குறைந்தது. பாதிச் சண்டை அசதியில் வந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இது பங்களாவுக்கும் தெரிந்தது. மேனேஜர் ரகுநந்தன் கெட்டவர் இல்லை. மலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் குளிருக்குப் பழகாமல் எப்போதும் மஃப்ளரோடு அலைகிறவர். பங்குனியில் ஒருநாள் பத்து மணிச் சாயா இடைவேளையில் பைனாகுலரில் பார்த்தார், ஒருத்தரும் உட்காரவில்லை. மறுவாரம் இடைவேளையை எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இருபத்தேழு கிலோ பறிக்க வேண்டும் என்பது சித்திரையில் முப்பத்திரண்டு ஆயிற்று, வைகாசியில் முப்பத்தாறு, ஆனியில் நாற்பது. முன்பென்றால் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வலிக்கவா செய்யுது?" என்றாள் ஒருத்தி. "சாயங்காலம் போய் இறக்கிட்டா ஆச்சு" என்றாள் இன்னொருத்தி. அமலோற்பவமும் அதைத்தான் சொன்னாள். நாள் முழுக்கச் செடிக்குப் பக்கத்திலேயே இருந்த அவளுக்கு அசதி என்பது எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது.

ஆடி மழையில் முத்துப்பேச்சி விழுந்தாள். வழுக்கி விழவில்லை. நாற்பது கிலோ மூட்டையோடு நடந்து வந்தவள், நடுப்பாதையில் கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழ் டவுனில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டு ஒன்றரை மாதமாகியிருக்கும், அதன்மேல் நடந்து நடந்து இப்போது முறிந்திருக்கிறது என்றார். "இத்தனை நாளா கால் அசரலையாம்மா? ஓய்வு எடுக்கணும்னு தோணவே இல்லையா?" என்று கேட்டார். முத்துப்பேச்சி யோசித்துப் பார்த்துவிட்டு, "தோணலையே சார்" என்றாள். கட்டுப் போட்ட காலோடு அவளை ஜீப்பிலிருந்து இறக்கியபோது லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் செடி வாட ஆரம்பித்தது. முதலில் கணுக்கள் சுருங்கின, காய்ந்த திராட்சை மாதிரி. பிறகு பச்சை மங்கிச் செம்பு நிறமாயிற்று. பிறகு தொட்டால் விழுந்தது, தொடாமலும் விழுந்தது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் இறங்குகிற அசதி அரை மணி ஆகியும் பாதிதான் இறங்கியது, அடுத்த வாரம் கால்வாசிதான். ஆளாளுக்கு ஒரு வியாதி சொன்னார்கள். கண்ணேறு என்று பூசாரி எலுமிச்சை சுற்றினார். வெயில் போதவில்லை என்று வாத்தியார் டின்னை வெளியே வைத்தார், ஆகாது என்று பஸ்காரர் உள்ளே வைத்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: இப்படிச் சுருங்குகிறதென்றால் இதற்குத் தாகம். ஆகவே ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினவர்கள் இரண்டு வாய் ஊற்றினார்கள்.

மேனேஜர் கீழேயிருந்து ஒரு விவசாய ஆபீசரைக் கூட்டி வந்தார். அவர் செடியைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு, சத்துக் குறைவு என்று சொல்லி வெள்ளையாக ஒரு உரத்தைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் காலையில் அமலோற்பவம் கொட்டகைக் கதவைத் திறந்தபோது ஜன்னலடியில் நாற்பது கணுக்கள் கிடந்தன. அவற்றைப் பெருக்கி முறத்தில் அள்ளினவளுக்கு, எட்டு மாதத்துக்கு அப்புறம் முதன்முதலாக, முழங்காலுக்குக் கீழே என்னவோ கனத்தது.

யாரையும் கேட்காமல் டின்னை முந்தானையால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போனாள். கட்டிலில் கிடந்த செபஸ்தியானுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். இத்தனை நாள் அவனிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்கோ வேறு யாருக்கோ தோன்றவில்லை. பேச முடியாத ஆளுக்குத் தெரிந்ததும் போயிருக்கும் என்று ஊர் நினைத்திருந்தது.

"என்னங்க, இதுக்கு என்னன்னு பாருங்களேன்."

செபஸ்தியான் இடது கையை மெல்ல நீட்டினான். கணுவைத் தொடவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டான், இரண்டு விரற்கணு ஆழத்துக்கு. எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தான். முகம் சுளித்தது. விரலை அவள் மூக்குக்கு நேராக நீட்டினான். சாக்கடை நாற்றம்.

"அழு...கல்" என்றான்.

"அழுகலா? தண்ணி இல்லாமத்தானே சுருங்குது?"

அவன் தலையை ஆட்டினான். சொல் வருவதற்காக அவள் காத்திருந்தாள். நெடுநேரம் ஆயிற்று. "வேரு... அழுகிட்டா... குடிக்காது" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆறு... ஓடினாலும்" என்றான்.

அவள் டின்னைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் துருவும் சாயாத்தூளும் அடைத்துக் கல்லாகியிருந்தன. முந்நூறு பேருடைய நன்றி போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருந்தது.

"வெளக்கு?" என்று கேட்டான் செபஸ்தியான். அவளுக்குப் புரியவில்லை. கையைத் தூக்கிக் கூரையில் தொங்குகிற பல்பைக் காட்டினான்.

"விடிய விடிய எரியும். ஷிப்ட் ஆளுக வருவாங்கல்ல."

"அதுக்கு... ராத்திரி?" என்றான்.

அந்தச் செடிக்கு எட்டு மாதமாக ராத்திரியே கொடுக்கவில்லை என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

அன்று கொட்டகையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ஒப்படைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து வைத்தியம் பார்த்தார்கள். அவன் கண்ணாலும் ஒரு கையாலும் சொல்ல, அவள் செய்தாள். டின்னை வெட்டிப் பிளந்து மண்ணை உதிர்த்து, வேரைத் தண்ணீரில் அலசினாள். கறுத்துக் கொழகொழத்த வேரையெல்லாம் சுண்ணாம்பு தடவின கத்தியால் வெட்டினாள். வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தது. தடித்த நடுத்தண்டும் உள்ளே பழுப்பாக இருந்தது. கடைசியில் வெள்ளையாக ஒரே ஒரு வேர், விரல் நீளத்துக்கு, அதன்மேல் ஐந்து கணுவோடு ஒரு கிளை, அவ்வளவுதான் மிஞ்சியது. முந்நூறு பேரைத் தாங்கின செடி ஒரு கைக்குள் அடங்கியது. வெட்டுவாய் காயட்டும் என்று செய்தித்தாளில் நிழலில் போட்டாள்.

கடைசிக் கறுப்பு வேரை வெட்டினபோது மணி பதினொன்று இருக்கும். அந்த நிமிஷத்தில் அசதி எல்லாருக்கும் திரும்பி வந்தது. அவரவருடையது அவரவருக்கு, முகவரி தப்பாமல். எட்டாம் நம்பர் சரிவில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் செடி வரிசைகளுக்கிடையில் அப்படி அப்படியே உட்கார்ந்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இலைக் குவியல் மேலேயே சாய்ந்தார்கள். பஸ்காரர் கைகாட்டி மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்தார், பயணிகள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவர்களும் தூங்கிப் போயிருந்தார்கள். பங்களாவில் ரகுநந்தன் போனைக் காதில் வைத்தபடியே சோபாவில் சரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் தெரியாமல் அவரும் கொட்டகைக்கு வந்து போனது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. மூன்று நாள் கூரைமலையில் அடுப்பு புகைந்த வீடுகள் குறைவு.

அமலோற்பவத்துக்கு வந்தது எட்டு மாதத்து அசதி மட்டுமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் உட்காராமலே சேர்த்து வைத்திருந்ததையும் செடி முதல் நாளே எடுத்திருந்தது. அதுவும் வந்தது. கத்தி கையிலிருந்து விழுந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அசையவில்லை, அழவில்லை, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். செபஸ்தியான் இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இந்த எட்டு மாதமாக அவள் அவனைச் சுறுசுறுப்பாகப் புரட்டினாள், சுறுசுறுப்பாகத் துடைத்தாள், சுறுசுறுப்பாக ஊட்டினாள், ஒருதரம்கூட அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. அதற்கு முன்னாலும் இல்லை.

"இரு" என்றான். இந்த ஒரு சொல் இழுபடாமல் வந்தது.

மூன்றாம் நாள் கிளையை நட்டார்கள். ஆற்று மணல், தேங்காய் நார், அடுப்புக்கரித் துண்டு, சோலையில் மக்கின இலை. புது டின்னில் ஏழு ஓட்டை. ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது. அதற்குப் பிறகும் விரல் விட்டுப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தால் மட்டும் அரை டம்ளர். பகலில் பின்வாசலில் நேர்வெயில் படாத இடம். மாலை ஆறு மணிக்குக் கூடையால் கவிழ்த்து மூடினால் காலை எட்டுக்குத்தான் திறக்க வேண்டும். நடுவில் தீக்குச்சி வெளிச்சம்கூடப் படக்கூடாது. யாரும் கிட்டே உட்காரக்கூடாது. இதெல்லாம் செபஸ்தியான் ஒவ்வொரு சொல்லாக ஒன்பது நாளில் சொல்லி முடித்தது.

அதற்குப் பிறகு கூரைமலை அசதியோடு இருந்தது. பழக வேண்டியிருந்தது. கிழவர்களும் குழந்தைகளைப் போலப் பாதிப் பேச்சில் தூங்கினார்கள். நாற்பது கிலோ என்று சூப்பர்வைசர் கூவினார். பெண்கள் இருபத்தேழு வரை பறித்தார்கள், பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை.

"ஏய், எந்திரிங்க! என்ன வேலைநிறுத்தமா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார், அசதி" என்றாள் தங்கபுஷ்பம். ஐம்பது வயதுக்காரி, இரண்டு முட்டியும் வீங்கினவள். "நிஜமாவே அசதி."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தார். பத்து மணி இடைவேளை அப்படி, யாரும் உத்தரவு போடாமல், திரும்பி வந்தது.

கார்த்திகை பாதியில் ரகுநந்தன் லைன் வீட்டுக்கே வந்தார். பின்வாசல் படியில் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றார். டின்னில் ஐந்து கணு ஒன்பதாகியிருந்தது. பச்சை திரும்பியிருந்தது.

"எப்ப சரியாகும் அமலம்?"

"தெரியலை சார்."

"பங்களாவுக்குக் குடுத்துடேன். கண்ணாடி ரூம் இருக்கு. தனியா ஆள் போட்டுப் பாத்துக்கறேன்."

"மொட்டு பிடிக்கிற நேரத்துல இடம் மாத்தினா உதிர்ந்துரும் சார். இவரு சொல்லியிருக்காரு."

அவர் உள்ளே எட்டிக் கட்டிலைப் பார்த்தார். செபஸ்தியான் இடது கையைத் தூக்கி வணக்கம் சொன்னான். ரகுநந்தன் படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் மேலேருந்து போன் மேல போன் வருது. நாப்பது காமிச்சுட்டு இப்ப இருபத்தேழுன்னா எவன் ஒத்துப்பான்? படுத்தாத் தூக்கம் வரமாட்டேங்குது."

"நடந்து வந்தீங்களா ஜீப்புலயா?"

"ஜீப்லதான்."

"நடந்து போங்க சார், தூக்கம் வரும்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டு, ஜீப்பை அனுப்பிவிட்டு நடந்தே போனார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒவ்வொரு நுனியிலும் நெல்மணி அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடையைத் தூக்கினபோது நான்கு பூக்கள் மலர்ந்திருந்தன. அமலோற்பவம் செபஸ்தியான் பார்க்கும்படி டின்னைத் திருப்பி வைத்தாள், பூத்த பிறகு திருப்பலாம். அவன் வெகுநேரம் பார்த்தான். அவன் கண்ணை மூடின பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். வலது கைச் சுண்டுவிரல் நுனியால் ஒரு கணுவைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் அந்த விரலின் அசதி மட்டும் போயிற்று. மற்ற ஒன்பது விரலும் அப்படியே கனத்தன. அந்த ஒரு விரல் யாரோ சின்னப் பெண்ணுடையதைப் போல இருந்தது. கை முழுவதையும் வைக்க எவ்வளவு நேரமாகும்? அவள் கையை இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். அதற்கு அவளிடம் இருந்த பலம் எல்லாம் வேண்டியிருந்தது.

மத்தியானம் பெண்கள் வந்தார்கள். முத்துப்பேச்சி கட்டுப் பிரித்த காலை மெதுவாக ஊன்றி முன்னால் வந்தாள். டின்னைச் சுற்றிக் குனிந்து பூவைப் பார்த்தார்கள்.

"இப்பவும் எடுத்துக்குமா அக்கா?" என்றாள் முத்துப்பேச்சி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "எடுத்துக்கும்" என்றாள் அமலோற்பவம். "இவ்வளவு சின்னதுதான். ஆனா எடுத்துக்கும்."

தங்கபுஷ்பத்தின் கை தானாக நீண்டது. "முட்டிக்கு மட்டும். ஒரே ஒரு தடவ" என்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை, தடுக்கவுமில்லை. எல்லாருக்கும் அதே கைதான் இருந்தது. பூவுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவளே நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தாள்.

"நாளைக்கே நாப்பதும்பான்" என்றாள்.

"நாப்பதோட நிக்குமா?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"அப்ப கேட்டா என்ன சொல்றது?" என்றாள் தங்கபுஷ்பம்.

முத்துப்பேச்சி தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பூன்னு சொல்லுவோம். வெறும் பூ."

அப்படித்தான் முந்நூறு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னார்கள். சூப்பர்வைசர் கேட்டார், சொன்னார்கள். பூசாரிக்கும் வாத்தியாருக்கும் விஷயம் தெரியும், அவர்களும் அதையே சொன்னார்கள். கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்த ஃபாதர் பின்வாசலில் நின்று, "இப்ப ஒண்ணும் இல்லையாமே" என்றார். "வெறும் பூதான் ஃபாதர்" என்றாள் அமலோற்பவம். அவர் அவள் முகத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் தொங்கிப்போயிருந்தது. "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த எஸ்டேட்டுக்கு ஜீப் ஏறினார். ரகுநந்தன் எல்லாருக்கும் கடைசியாக வந்தார். கையை நீட்டினார். அமலோற்பவம் நடுவில் வந்து நின்றாள். "தொட்டா உதிர்ந்துரும் சார்." அவர் நீட்டின கையை மஃப்ளருக்குள் வைத்துக்கொண்டு, சரி என்றார். எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை. வருஷம் பிறந்தபோது ஆபீஸ் பலகையில் இருபத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள். ஒரு கிலோ கூடத்தான். அதைப் பற்றிச் சண்டை போடப் பெண்களிடம் தெம்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வேலை இல்லாத ஒரு மத்தியானம், தங்கபுஷ்பமும் முத்துப்பேச்சியும் வீட்டுக்குள் வந்து சேலையை இழுத்துச் செருகினார்கள்.

"நகருக்கா" என்றாள் முத்துப்பேச்சி. "அண்ணனைப் புரட்ட எந்தப் பக்கம் பிடிக்கணும்னு காட்டு."

"நீங்க எதுக்கு? அவருக்கு வேத்தாளு தொட்டாக் கூச்சம்."

செபஸ்தியான் கட்டிலிலிருந்து, "பர...வால்ல" என்றான். காது சிவந்திருந்தது.

"வாரம் மூணு நாள் நாங்க. மீதிக்கு எட்டாம் லைன்காரங்க வருவாங்க, பேசியாச்சு" என்றாள் தங்கபுஷ்பம். "முட்டி மடங்காது, ஆனா கை நல்லாத்தான் இருக்கு."

அமலோற்பவம் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். தலையணையை எங்கே அண்டக் கொடுக்க வேண்டும் என்று காட்டினாள். அவர்கள் முதல் தடவை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் புரட்டினார்கள், செபஸ்தியான் முனகிவிட்டுச் சிரித்தான். அவள் சுவரோரம் பாயை விரித்து, இப்படிச் செத்த சாயலாம் என்று படுத்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் கூவிற்று, மழை வந்து தகரக் கூரையில் இரைந்தது, யாரோ உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்து உலை ஏற்றினார்கள். அமலோற்பவம் புரண்டு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.